எண்ணுகிறவர் இல்லாத மதியக் காட்சி

நாடகக் கொட்டகையில் அவருக்கு எமன் என்று பெயர். கயிறு கையில் இருப்பதால் வந்த பெயர். யார் முதலில் வைத்தது என்று தெரியாது. தெரிந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பார். முதலில் முறைத்துப் பார்த்தார். பிறகு கூப்பிட்டால் திரும்ப ஆரம்பித்தார். வீட்டில் மட்டும் அந்தப் பெயர் செல்லாது. ஒருநாள் மேடைத் தச்சர் வாசலில் வந்து நின்று, "எமன் இருக்காராம்மா?" என்று கேட்டார். அவர் மனைவி, "இங்க யாருக்கும் இன்னும் நேரம் வரல. அடுத்த தெருவுல கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அவருடைய வேலை ஆளைத் தூக்குவது. நாடகத்தில் ஒருத்தி மேலே பறந்து போவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் மட்டும்தான் தெரிவாள். அவள் முதுகில் மாட்டிய மெல்லிய கம்பி உத்தரத்து உருளைகளின் மேலாகப் போய், மேடையின் பக்கச் சுவரோரம் ஓர் இரும்புக் கூண்டில் முடியும். கூண்டுக்குள் இரும்புக் கட்டிகள். ஒரு கட்டி ஐந்து கிலோ. அவள் எடையும் கட்டிகளின் எடையும் சரியாக இருந்தால், கூண்டோடு பிணைத்த கயிற்றை ஒரு கையால் இழுத்தாலே போதும், கூண்டு இறங்கும், ஆள் எழும்புவாள். தராசுதான். ஒரு தட்டில் பெண், மறு தட்டில் இரும்பு.

"தராசு சரியா இருந்தா நீங்க எதுக்கு? சும்மா பக்கத்துல நிக்கற ஆளு" என்பார் தச்சர். தராசு தப்பாக இருந்தாலும் தன்னால் ஒன்றும் ஆகாது என்பது எமனுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இயல்பிலேயே பயந்த ஆள். இருபது வயதில் கட்டட வேலையில் பளுதூக்கி ஓட்டினார். ஆறாவது மாடிக்குச் சிமெண்டுக் கலவை ஏற்றும் வாளி ஒருநாள் கொக்கி நழுவி விழுந்தது. கீழே யாரும் இல்லை. யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இருந்தது. அது தகடாகிக் கிடந்ததை எல்லாரும் கூடி நின்று பார்த்துச் சிரித்தார்கள். தூக்கின் சொந்தக்காரர், "இன்னிக்கு என் வயித்துல எழுதல" என்றார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தூக்கு இருந்த இடத்தில் காலையில் அரை மணி நேரம் தான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கொட்டகையில் திரைச்சீலைக்கு வண்ணம் அடிக்க ஆள் எடுத்தார்கள். சேர்ந்துகொண்டார். கயிறு பிடித்தவர் வேலையை விட்டதும், "நீ பளுதூக்கி ஓட்டினவன்தானே" என்று இவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டார்கள். பேய்க்குப் பயந்தவன் சுடுகாட்டில் குடியேறின கதை.

பயம் வீட்டுக்கும் வந்தது. தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வருவார். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்க. அணைந்துதான் இருக்கும். பூட்டினேனா என்று மறுபடி வருவார். பூட்டித்தான் இருக்கும்.

"உங்களுக்குன்னு தெருமுனையில ஒரு பெஞ்சு போடச் சொல்லணும்" என்பாள் மனைவி. "பாதி ஆயுசு அங்கதான போகுது."

"நேத்து அணைச்சது ஞாபகம் இருக்கு. இன்னிக்கு அணைச்சதுதான் ஞாபகம் இல்ல."

"தினம் செய்யறதை எவனாவது ஞாபகம் வச்சிருப்பானா?"

அதுதான் அவருடைய பயமே. அவளுக்கு அது வேடிக்கை.

நாடகத்துக்குப் பெயர் 'தபால்காரி'. பதினொரு வருடமாக ஓடுகிறது. வெள்ளம் சூழ்ந்த ஓர் ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொண்டு போகிறவளின் கதை. பாட்டு பதினேழு. எழுதியவர் முதலில் இதை நூறு பேர் உட்காரும் சின்னக் கூடத்தில் போட்டார். அப்போது பறப்பது எல்லாம் கிடையாது. இடைவேளைக்கு முந்தின பாட்டில் தபால்காரி கதவைத் திறந்துகொண்டு வெளியே போவாள், அவ்வளவுதான். ஒருநாள் கதவு சிக்கிக்கொண்டது. தச்சர் ஈரப் பலகையில் செய்திருந்தார், இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நடிகைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மேசை மேல் ஏறி நின்று பாட்டை முடித்தாள். கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மறுவாரம் மேசைக்குப் பதில் ஏணி வைத்தார்கள். கைதட்டல் கூடியது. பெரிய கொட்டகைக்கு வந்ததும் முதலாளி கேட்டார்: "ஏணிக்கே இப்படின்னா, ஏணியே இல்லாம போனா?"

அப்படித்தான் கம்பி வந்தது. இப்போது தபால்காரி இரண்டு முறை மேலே போகிறாள், இடைவேளைக்கு முன் ஒருமுறை, கடைசிப் பாட்டில் ஒருமுறை. போகும்போது பையிலிருந்து கடிதங்களை அள்ளி வீசுவாள். அவை ஆடி ஆடிக் கடைசி வரிசை வரை இறங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வரி அச்சிட்டிருக்கும். ஜனங்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இன்னொரு வரி கிடைக்குமா என்று மறுபடி வருகிறார்கள். நாற்பது தடவை பார்த்த ஒரு பல் டாக்டர் இருக்கிறார். பாட்டு அவருக்குத்தான் நடிகையைவிட நன்றாகத் தெரியும் என்பார்கள்.

பாட்டுக்காக வருகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். கடிதத்துக்காக என்று சிலர். எமன் நாடகத்தை எதிரே உட்கார்ந்து பார்த்ததே இல்லை. கயிற்றடியில் நின்றால் முதல் இரண்டு வரிசையின் முகங்கள் மட்டும் தெரியும். நடிகையின் குதிகால் தரையை விடும்போது அந்த முகங்கள் எல்லாம் ஒன்றுபோல் வாயைத் திறக்கும். விழுந்துவிடுவாளோ என்ற முகம் அது. விழமாட்டாள் என்று தெரிந்தவர்களின் முகமும் அதுவேதான். காசு கொடுத்து அரை நிமிடம் பயப்பட வருகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். அவர்கள் பயம் பாட்டோடு முடிந்துவிடும். கைதட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள்.

கட்டிகளை வைப்பதும் எடுப்பதும் மேல்தட்டில், உத்தரத்தை ஒட்டிய இரும்பு நடைபாதையில். ஆள் தரையில் நிற்கும்போது கூண்டு மேலே நிற்கும், அதனால். நாற்பதடி இரும்பு ஏணி. ஏறும்போது அவர் படியை மட்டும் பார்ப்பார்.

இதில் ஒரு பழக்கம் உண்டு. எடுப்பது ஒருவர், எண்ணுவது இன்னொருவர். எடுக்கிறவர் மிச்சத்தை எண்ணக் கூடாது. எண்ணுகிறவர் கட்டியைத் தூக்கக் கூடாது. ஒரே ஆள் இரண்டையும் செய்தால் கை செய்ததைக் கண் நம்பிவிடும் என்பார்கள். அவருக்குத் துணையாக இருந்தவர் ஒல்லியான மனிதர். வேறு வேலையே தெரியாது. ஒவ்வொரு கட்டியையும் விரலால் தொட்டு முடித்துவிட்டுத் தொகையை உரக்கச் சொல்வார். "பதினாலு." அது நாயகியின் எடை. நாயகிக்கு உடம்பு முடியாவிட்டால் ஏறும் மாற்றுப் பாடகிக்கு, "பத்து." கிலோவில் சொன்னால் நடிகைகளுக்குக் கோபம் வரும். கட்டிக் கணக்கில் சொன்னால் வராது.

போன மாதம் எண்ணுகிறவருக்கு வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். வேறு ஆள் போடவில்லை. "ஒண்ணுலேர்ந்து பதினாலு வரைக்கும் எண்ணத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஆபீஸில் கேட்டார்கள். தெரியும் என்றார். அதற்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

அன்று மூன்று மணிக் காட்சி. காலை பத்து மணிக்கே செய்தி வந்துவிட்டது. நாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டது, மாற்றுப் பாடகி ஏறுகிறாள்.

அவளை எல்லாரும் ஸ்பேர் என்று கூப்பிடுவார்கள். அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். ஆறு வருடமாகக் கூட்டத்தில் ஒருத்தியாக வெள்ளத்தில் நனைந்து பாடிக்கொண்டிருந்தாள். ஒத்திகையில் பறந்திருக்கிறாள். ஜனங்கள் முன்னால் ஒருமுறைகூட இல்லை.

"எமனண்ணே, டயர் பஞ்சராயிடுச்சாம். ஸ்பேரை எடுத்து மாட்டுங்க" என்று வந்து நின்றாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டா எடை ஏறிடாது? ஒரு கட்டி கூட வைப்பீங்களா?"

"சாப்பிடு. சோத்துக்கெல்லாம் கட்டி கிடையாது."

"எங்கம்மா வராங்க. மூணாவது வரிசை. நான் பறக்கறதைப் பார்க்கணும்னு ஆறு வருஷமாச் சொல்லிட்டிருந்தாங்க."

அவர் மேலே போய் நாலு கட்டி எடுத்தார். பதினொன்றரைக்கு அவளைத் தூக்கிப் பார்த்தார்கள். இறகு மாதிரி எழுந்தாள். இறங்கினாள். ஒத்திகை சரி.

ஒத்திகை முடிந்தால் கட்டிகளைப் பழையபடி பதினாலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அது விதி. காட்சி எப்போதும் நாயகிக்கு என்பதால் வந்தது. மேல்தட்டில் நின்றுகொண்டு, இன்றைக்குத்தான் ஸ்பேரே பறக்கப் போகிறாளே, எதற்குத் திரும்ப வைத்துத் திரும்ப எடுப்பது என்று அவர் ஒரு கணம் நினைத்தார். பிறகு இறங்கிச் சாப்பிடப் போனார். இரண்டு மணிக்கு மறுபடி ஏறினார். ஸ்பேர் ஏறினால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். நாலு கட்டி எடுத்தார்.

மூன்று மணிக்குத் திரை எழுந்தது.

ஸ்பேர் நன்றாகப் பாடினாள். முதல் பாட்டில் குரல் கொஞ்சம் ஆடியது, இரண்டாவதில் நின்றுவிட்டது. அவர் மழைத் திரையை இறக்கினார், வீட்டுக் கூரைகளை ஏற்றினார், நிலாவைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் தலைக்கு மேல் ஒரு சின்ன விளக்கு முதலில் சிவப்பாகவும் பிறகு பச்சையாகவும் எரியும். எதிர்ப்பக்க மேசையில் மேனேஜர் அம்மா உட்கார்ந்து அதைப் போடுவாள். அவள் குரல் ஹெட்செட்டில் காதுக்குள் வரும்.

ஆறாவது பாட்டில் அவருக்கு ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. கூரையை ஏற்றினார். ஏற்றிய பிறகு பிடிபட்டது. இரண்டு மணிக்கு மேலே போனபோது "பத்து" என்ற குரல் காதில் விழவில்லை.

எண்ணுகிறவர்தான் இல்லையே, எப்படி விழும்? அப்படியானால் நான் எண்ணினேனா? கட்டியின் விளிம்பில் விரல் பட்ட மாதிரி ஒரு ஞாபகம் வந்தது. அந்த விரல் ஒல்லியாக இருந்தது. அவருடைய விரல் இல்லை.

சரி, ஒத்திகை முடிந்து திரும்ப வைத்தேனா? வைத்திருந்தால் இப்போது கூண்டில் பத்து. வைக்காமல் விட்டிருந்தால் பத்திலிருந்து நாலு போய் ஆறு. வைத்த ஞாபகம் இருந்தது. தெளிவாக இருந்தது. ஆனால் பதினொரு வருடத்தில் எத்தனையோ ஒத்திகைக்குப் பிறகு வைத்திருக்கிறார். எந்த நாளின் ஞாபகம் அது?

அண்ணாந்து பார்த்தார். இருட்டு. கூண்டு இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கெட்டியான இருட்டு.

ஆறு என்றால் அவளைவிட இரும்பு இருபது கிலோ குறைவு. ஒரு கையால் இழுத்தால் எழும்ப மாட்டாள். வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறது என்று இவர் பல்லைக் கடித்து இழுப்பார், எழும்புவாள். முப்பதடியில் பாட்டின் கடைசி வரிக்கு நிற்க வேண்டும். கயிற்றுக்குப் பூட்டு ஒன்று உண்டு. பூட்டு கயிற்றைப் பிடிக்கும், பளுவைப் பிடிக்காது. அது தராசு சரியாக இருக்கும்போது ஆடாமல் நிறுத்த மட்டும்தான். இருபது கிலோவை இவர் கைகள் எவ்வளவு நேரம் பிடிக்கும்? வேர்த்த கை.

ஏறிப் பார்த்துவிட்டு வர நாலு நிமிடம் ஆகும். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு எரிகிறது. மழை, கூரை, மேகம். விட்டுவிட்டு நகர முடியாது. மேனேஜர் அம்மாவிடம் சொன்னால் வேறு யாரையாவது ஏற்றுவாள். பறப்பதற்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது, போதும். வாயைத் திறந்தார். ஒருத்தர் போதும் என்று அனுப்பியவர்கள் நாளைக்கு இவரும் வேண்டாம் என்பார்கள். இந்த வயதில் வண்ணம் அடிக்க யார் கூப்பிடுவார்கள்? வாயை மூடிக்கொண்டார். திரும்ப வைத்தேன், வைத்தேன் என்று சொல்லிக்கொண்டார். அடுப்பு அணைந்துதான் இருக்கும். எப்போதும் அணைந்துதான் இருந்திருக்கிறது.

மேகத்தை இறக்கினார்.

பாட்டு மாறியது. இடைவேளைக்கு முந்தின பாட்டு. வெள்ளம் ஏறுகிறது, தபால்காரி கடைசி வீட்டின் கூரைக்குப் பின்னால் போகிறாள். அங்கே குனிந்து இருக்கும் பெண் ஒருத்தி கம்பியை அவள் முதுகில் மாட்டுவாள். மாட்டியாகிவிட்டது என்று ஹெட்செட்டில் குரல் வந்தது. மாட்டிய பிறகும் தெரியாது. ஆள் தரையில் நிற்கிறவரை தராசு பேசாது. குதிகால் தரையை விட்டால்தான் எடை தெரியும். விட்ட பிறகு தெரிந்து என்ன?

சிவப்பு விளக்கு எரிந்தது.

கூரைக்குப் பின்னாலிருந்து ஸ்பேர் வெளியே வந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவது கயிற்றடியிலிருந்தே தெரிந்தது.

கொட்டகையில் ஒரு சொல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பெருக்குகிறவர்கூட. சொன்னால் அந்தக் கணமே எல்லாம் நிற்க வேண்டும், கேள்வி பிறகுதான். பதினொரு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் சொல் சரியாக வாயில் வருமா என்றுகூட அவருக்குத் தெரியாது.

"நில்" என்றார்.

காதில் மேனேஜர் அம்மா, "யாரு?"

"கயிறு. தூக்கல."

"என்ன ஆச்சு?"

"தெரியல மேடம்."

பச்சை எரியவில்லை. சிவப்பே நின்றது. ஸ்பேர் அதைப் பார்த்துவிட்டாள். வாத்தியம் மேலே ஏறிக்கொண்டே போனது. ஏற வேண்டியவள் தரையில் நின்றாள். ஒரு வரி தவறியது. அவள் கை தன்னையறியாமல் தோளுக்குப் பின்னால் போய்க் கம்பியைத் தொட்டது. கூரைக்குப் பின்னால் இரண்டடி நகர்ந்தாள், அந்தப் பெண் கம்பியைக் கழற்றினாள். அடுத்த வரிக்கு ஸ்பேர் மேடை விளிம்பு வரை நடந்து வந்தாள். பாட்டை அங்கே நின்று முடித்தாள். கடிதங்களை அள்ளி வீசினாள். இரண்டாவது வரிசை தாண்டி ஒன்றும் போகவில்லை.

கைதட்டினார்கள். வழக்கத்தில் பாதி. பல் டாக்டர் எழுந்து நின்று உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

இடைவேளைக்குத் திரை விழுந்தது. மேனேஜர் அம்மா மேடையைக் குறுக்கே கடந்து வந்தாள். கையில் டார்ச். திட்டுவாள் என்று நினைத்தார். "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள். அவர் பின்னால் ஏறினார். படியை மட்டும் பார்த்தார்.

கூண்டின் மேல் வெளிச்சம் விழுந்தது. அவள் விரலால் தொட்டு எண்ணினாள். எண்ணிவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"ஆறு."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கியிருந்தா?" என்று கேட்டாள்.

"கனமா இருக்குன்னு நெனச்சிருப்பேன். பலமா இழுத்திருப்பேன். மேல போயிருப்பா. அப்புறம் என் கை விட்டிருக்கும்."

அவள் டார்ச்சை அணைத்தாள். "எப்போ சந்தேகம் வந்துச்சு?"

"ஆறாவது பாட்டுல."

"அப்பவே சொல்லியிருந்தா ஆளை ஏத்திப் பார்த்திருப்பேனே. பறந்தே இருப்பாளே அவ."

"ஆமா மேடம்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

"எதுக்கு? அவ விழுந்துடுவாங்கறதுக்கா, வேலை போயிடுங்கறதுக்கா?"

எட்டு நிமிடம் முழுக்க அவை இரண்டும் எடைக்கு எடை நின்றன என்பதை எப்படிச் சொல்வது? அதுவும் அவளிடம்.

"ஆபீஸுக்கு எழுதணும்" என்றாள். "எண்ண ஆள் இல்லன்னு எழுதுவேன். உங்களையும் எழுதுவேன்."

"எழுதுங்க."

ஏணியடியில் ஸ்பேர் நின்றிருந்தாள். தபால்காரி உடுப்பு, தோளில் காலிப் பை. கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"ஆறு வருஷம் அண்ணே" என்றாள்.

"தெரியும்மா."

"பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட எல்லாம் எங்கம்மா சொல்லி வச்சிருக்காங்க. இப்போ பறப்பா பாருங்க, இப்போ பறப்பா பாருங்கன்னு. என்ன பண்ணினேன் உங்களை?"

"கூண்டுல ஆறுதான் இருந்துச்சு."

அவளுக்குக் கணக்குத் தெரியும். கட்டிக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். அவள் உதடு அசைந்தது, பத்தில் ஆறு போனால் என்று. பிறகு ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"செத்திருப்பேனா?"

"தெரியாது."

"இல்லன்னு சொல்லக் கூடாதா, ஒரு பேச்சுக்கு?"

"தெரியாதும்மா."

மேனேஜர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "கடைசிப் பாட்டையும் தரையிலேயே பாடிடு. யாரும் கேட்க மாட்டாங்க. பொறுப்பு என்னோடது."

உள்ளே ஜனங்களின் இரைச்சல் கடல் மாதிரி கேட்டது. யாரோ காப்பிக் கோப்பையை உடைத்தார்கள்.

"யாரு எண்ணுவா?" என்று ஸ்பேர் கேட்டாள்.

"எதுக்கு?"

"கட்டி. யாரு எண்ணுவா? நீங்க உடனே மேசைக்குத் திரும்பணும். தச்சர் அந்தப் பக்கம். இவரு எண்ணக் கூடாது."

"அதான் வேண்டாங்கறேன்."

"நான் எண்ணறேன்."

எழுந்தாள். உடுப்போடு ஏணியில் ஏறினாள். அவரும் ஏறினார், அன்றைக்கு ஐந்தாவது தடவை. அவர் நாலு கட்டியை ஒவ்வொன்றாக வைத்தார். அவள் ஒவ்வொரு கட்டியையும் ஆட்காட்டி விரலால் அழுத்தித் தொட்டாள். துருவும் எண்ணெயும் விரலில் ஒட்டின. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

"பத்து."

"இன்னொரு தடவை."

"பத்து அண்ணே. சின்ன வயசுலயே கணக்குல புலி நான்."

"கயித்துக்குத் தச்சரை நிறுத்தச் சொல்லவா?"

"தச்சரா? அவரு கதவையே தலைகீழா மாட்டுவாரு."

"எனக்குக் கை நடுங்குது."

"எனக்குக் கால் நடுங்குது. ஜோடிப் பொருத்தம் அமோகம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. கைப்பிடிக்கு மேலாகக் கீழே எட்டிப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. நாற்பதடிக்குக் கீழே மேடைத் தரை ஒரு கர்ச்சீப் அளவுக்கு இருந்தது. "எறங்கலாம்" என்றாள்.

இரண்டாம் பாதியில் அவள் ஒரு வரியும் தவறவிடவில்லை. ஆனால் ஒரு பாட்டில்கூட மேலே பார்க்கவில்லை. நீர் வடிகிறது, வீடுகள் வெளியே தெரிகின்றன, கடிதங்களை வாங்க ஆள் இல்லாத வாசல்கள். அவர் கூரைகளை இறக்கினார், மழையை ஏற்றினார். பத்து, பத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். பத்து என்பது கொஞ்ச நேரத்தில் அர்த்தமில்லாத சத்தமாகிவிட்டது. அவள் எண்ணியது சரிதானா? பயந்த கண் ஒன்றை இரண்டாகப் பார்க்காதா? கம்பியை மாட்டுகிற பெண் சரியாக மாட்டினாளா? உருளை? உருளையை யார் பார்த்தது? ஒரு சந்தேகத்தைப் பூட்டினால் இன்னொன்று திறந்துகொண்டது. இப்போதும் அந்தச் சொல்லைச் சொல்லலாம். ஒருமுறை சொல்லியாகிவிட்டது, இரண்டாவது எளிது. நாளைக்கும் சொல்லலாம். தினமும் சொல்லலாம். எந்த நாளில் சொல்ல வேண்டாம் என்பதற்குத்தான் அடையாளம் எதுவும் இல்லை.

கடைசிப் பாட்டு. கம்பி மாட்டியாகிவிட்டது என்று குரல் வந்தது.

சிவப்பு.

அவள் நடு மேடைக்கு வந்து நின்றாள். முதல் இரண்டு வரிசையின் முகங்கள் காத்திருந்தன.

பச்சை.

பூட்டைத் திறந்தார். இழுத்தார். கயிறு வந்தது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி வந்தது. அவள் குதிகால் தரையை விட்டது. வாய்கள் திறந்தன. பத்தடி. இருபதடி. பாட்டு அவளோடு மேலே போனது. மூன்றாவது வரிசையில் யாரோ "அதோ, அதோ" என்று கத்தினார்கள். கடிதங்கள் விழுந்தன, விளக்கொளியில் வெள்ளையாகச் சுழன்று, எல்லாப் பக்கமும். முப்பதடி. நிறுத்தினார். பூட்டினார். பூட்டிய பிறகும் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கடைசி வரியை அவள் இழுத்தாள். எவ்வளவு நேரம் இழுப்பாள்? கொட்டகை எழுந்து நின்றது. அவர் மறுபடி இழுத்தார், அவள் விளக்குகளைத் தாண்டி உத்தரத்து இருட்டுக்குள் போய் மறைந்தாள்.

இனி அவள் மேல்தட்டின் கம்பியைப் பிடித்துக் காலை உள்ளே வைக்க வேண்டும். முதுகிலிருந்து கம்பியைக் கழற்றி அங்கே உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். அவருக்கு எதுவும் தெரியாது. கயிறு மட்டும்தான் தெரியும். இத்தனை நேரம் கயிற்றில் உயிர் இருந்தது. பாடும்போது மூச்சு இழுப்பதுகூட உள்ளங்கையில் தட்டியது.

கயிறு ஒரு துள்ளு துள்ளியது. பிறகு செத்தது.

மாட்டிவிட்டாள் என்றாலும் அப்படித்தான் இருக்கும். மாட்டவில்லை என்றாலும் அப்படித்தான். கைதட்டல் இடிபோல் வந்துகொண்டிருந்தது, வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரை இறங்கியது. "எமனண்ணே, விட்டுடலாம்" என்று காதில் மேனேஜர் அம்மா சொன்னாள். அவர் விடவில்லை. "முடிஞ்சுதுண்ணே, கயித்தை விடுங்க." அவர் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினார். அண்ணாந்து பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் மேலே இரும்பில் ஒரு காலடி கேட்கிறதா என்று தேடினார்.

கேட்டது. ஒன்று. நின்றது. அவர் கயிற்றை இன்னும் இறுக்கினார். பிறகு இன்னொன்று, ஏணியின் முதல் படியில்.

அவள் இறங்கி முடிக்கிறவரை அவர் கையை எடுக்கவில்லை.